செங்கேணியின் கடற்படை

ஊரே என் தம்பியை மேஜர் சார் என்று கூப்பிடுகிறது. நான் டேய் என்றுதான் கூப்பிடுகிறேன். முப்பத்தாறு வயது ஆகிவிட்டது, தோளில் சிங்கமுகச் சின்னம் வைத்திருக்கிறான், இன்றைக்கும் குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டிலில்தான் போடுகிறான். அப்படிப்பட்டவனை நான் வேறு எப்படிக் கூப்பிடுவது?

இந்த வருஷம் பொங்கல் முடிந்து இருபத்தைந்து நாள் லீவில் மானாம்பதிக்கு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகம் சரியில்லை. பொங்கலுக்கு வைத்திருந்த அதிரசத்தை எடுத்துக் கொடுத்தேன், அரைவாசி தின்றுவிட்டுக் கீழே வைத்தான். மோகன்குமார் அதிரசத்தை மிச்சம் வைக்கிறான் என்றால் எங்கேயோ பெரிதாக அடி வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம்.

கிளறிக் கிளறிக் கேட்டதில் விஷயம் வந்தது. அவன் சேர்ந்திருந்தது ஒரு பெரிய படிப்பு. அதில் தேறினால்தான் நாளைக்கு ஒரு பட்டாலியனை நம்பி அவன் கையில் கொடுப்பார்கள். பதினாலு வருஷமாக அவன் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். படிப்பின் முடிவில் ஒரு போர் விளையாட்டு. பெரிய கூடத்தில் தரை முழுக்க மணலைக் கொட்டி மலை, ரோடு, கடல் எல்லாம் செய்து வைத்திருப்பார்களாம். இரண்டு அதிகாரிகள் எதிரும் புதிருமாக நின்று மரக்கட்டைப் படைகளை நகர்த்த வேண்டும். ஒரு பிரிகேடியர் நடுவர். டிசம்பரில் மோகன் தோற்றுவிட்டான். ஒரு பஞ்சாபி மேஜர் அவனை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டாராம். தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, பிப்ரவரி இருபதாம் தேதி, அதே பஞ்சாபியோடு. அதிலும் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மூன்றாவது வாய்ப்பு யாருக்கும் கிடையாது.

"அப்படி இன்னாடா கஷ்டமான ஆட்டம்?" என்றேன்.

கோலமாவு டப்பாவை எடுத்து வந்து சிமெண்டுத் தரையில் வரைந்து காட்டினான். நீலநாடு என்று ஒரு நாடு. தெற்கே தள்ளி அதற்கு ஒரு துறைமுகம். நாட்டையும் துறைமுகத்தையும் சேர்ப்பது கடலோரமாகப் போகிற ஒல்லியான நிலம் ஒன்றுதான். நீளம் அறுபது கிலோமீட்டர், அகலம் ஐந்துகூட இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. மலையில் எதிரி, அவன் பெயர் சிவப்புநாடு. நடுவில் ஒரே ஒரு ரோடு. துறைமுகத்தில் இருக்கிற பத்தாயிரம் பேருக்குச் சோறு, தண்ணீர், குண்டு எல்லாம் அந்த ரோட்டில்தான் போக வேண்டும். அதை ஏழு நாள் அறுபடாமல் காப்பாற்றினால் நீலத்துக்கு வெற்றி. ஆட்டத்தில் ஒரு நாள் என்பது நிஜத்தில் முக்கால் மணி நேரமாம். மோகன்தான் நீலம். தோற்ற பக்கத்தையே மறு ஆட்டத்திலும் கொடுப்பது வழக்கமாம்.

"இவ்ளோ ஒல்லியான எடத்தப் புடிச்சி வெச்சிக்கினு எதுக்குப் பேஜார்? வுட்டுட்டு வர வேண்டியதுதான."

"வுட்டா துறைமுகம் போயிடும்க்கா."

"அப்போ அகலமா புடி."

"அதுக்கு ஆளு இல்லக்கா. இருக்கறது மூவாயிரம் பேரு."

டிசம்பரில் அந்த மூவாயிரம் பேரையும் அறுபது கிலோமீட்டருக்கும் சமமாகப் பங்கு போட்டு நிறுத்தியிருக்கிறான். கல்யாணப் பந்தியில் அப்பளம் வைக்கிற மாதிரி இலைக்கு ஒன்று. பஞ்சாபி மலையிலிருந்து மொத்தப் படையையும் ஒரே இடத்தில் இறக்கி ரோட்டை அறுத்துவிட்டார். அதனால் இந்த முறை எல்லோரையும் மலைப்பக்கமே நிறுத்தப்போவதாகச் சொன்னான். கடல்பக்கம் கவலையில்லை, சிவப்புக்கு இருப்பது சின்னப் படகுகள்தான், நீலநாட்டுக்குப் பெரிய கப்பல் படை இருக்கிறது, கடல் ஒரு மதில் என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் கடலைப் பார்த்ததே மாமல்லபுரத்தில் இரண்டு தடவை.

அப்போது எனக்கு என் நெல்தான் கவலை. சம்பா அறுத்து நாலு நாள் ஆகியிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்த்தால் பத்தொன்பது சதவீதம் காட்டியது. பதினேழுக்கு மேல் இருந்தால் தொடமாட்டார்கள். அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி ஏரிக்கரை ரோட்டில் கொட்டிக் காயவைத்தேன். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல், இருநூறு மீட்டர் நீளத்துக்கு. ஒரு பக்கம் கீழே வயல், மறுபக்கம் கல் பதித்த சரிவு, அதற்குக் கீழே நிறைய தண்ணீரோடு ஏரி. ஒரு முனையில் புளியமரம், மறுமுனையில் மதகு. மதகு ஓரம், காய்ந்த பாதியை மூட்டையாகக் கட்டி அடுக்கியிருந்தேன்.

மழை வருகிற மாதிரி இருந்ததால் உத்திரமேரூருக்குப் போய்த் தார்ப்பாய் வாங்கிவர நினைத்தேன். என் வீட்டுக்காரர் சின்னராசு வயலில் இருந்தார். வேறு ஆள் இல்லை.

"மேஜர்தான நீ. ஒரு ரெண்டு மணி நேரம் இந்த நெல்லப் பாத்துக்க. ஆடு வரும், மாடு வரும், வுட்றாத," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்து புளியமரத்தடியில் இறங்கினால் என் தம்பி வேலை சுத்தமாகத்தான் செய்திருந்தான். வயல்பக்கம் முழுக்க முள்ளை வெட்டி வேலி மாதிரி போட்டிருந்தான். கையில் கோல் வைத்துக்கொண்டு விறைப்பாக வயலைப் பார்த்து நின்றிருந்தான். ஒரு ஆடுகூட உள்ளே வரவில்லை. அவன் நின்ற முனையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, ரோட்டின் நடுவில், நானூறு வாத்து என் நெல்லைத் தின்றுகொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அவன் திரும்பி ஓடினான். அவன் வருவதைப் பார்த்ததும் வாத்து பறக்கவுமில்லை, தண்ணீருக்குத் திரும்பவுமில்லை. இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி அவன் காலைச் சுற்றிக் கத்திக்கொண்டே தின்றது. மறுபாதி நேராக மதகு ஓரம் போய் மூட்டையைக் கொத்தியது. அவன் மூட்டைப் பக்கம் ஓடினால் நடுவில் இன்னொரு கூட்டம் சரிவில் ஏறியது. எல்லையில் பனியில் நின்றவன், பல்லைக் கடித்துக்கொண்டு என் நெல்லின் மேலேயே முன்னும் பின்னும் ஓடினான்.

கீழேயிருந்து நிதானமாக ஏறி வந்தாள் செங்கேணி. ஏரிக்கடைசியில் இருக்கிற இருளர் குடியிருப்பில் அவள் வீடு. வாத்து அவளுடையதும் அவள் புருஷன் இருசப்பனுடையதும். அவளும் நானும் ஒரே வயது, ஐந்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. யாரும் இல்லாதபோது என்னை மதி என்பாள். ஆள் இருந்தால் அம்மா என்பாள். அது ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்காமலே தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன், அது என் தப்பு. அன்றைக்கு என் சத்தத்தில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள்.

"உனக்குக் கண்ணு கீதா இல்லியா? அஞ்சு மாசப் பாடு," என்று கத்தினேன்.

"நானு ஓட்டலம்மா. அதுவா ஏறிச்சி," என்றாள். கோலின் முனையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் கவரை ஒரு தடவை ஆட்டினாள். நானூறும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் இறங்கித் தண்ணீருக்குப் போனது. "சாரு காலைலேர்ந்து வயப்பக்கமே பாத்துக்கினு கீறாரு. ஏரிப்பக்கம் முதுவு. முதுவப் பாத்தா வாத்து வுடுமா?"

நான் அடுத்த பாட்டுக்கு வாயைத் திறந்தேன். மோகன் கையை நீட்டித் தடுத்தான். மூச்சு வாங்கியது, முகம் மட்டும் தெளிந்திருந்தது. கோலமாவுப் படத்தை அவன் மனசுக்குள் பார்க்கிறான் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அதுங்க ஏன் நடுவுல ஏறிச்சி?" என்று அவளைக் கேட்டான்.

"ரெண்டு மொனைலயும் ஜனம் வருது போவுது. நடுவுல யாரு கீறாங்க?"

"நான் வந்ததும் ஏன் பிரிஞ்சிச்சி?"

"ஒரு ஆளு ரெண்டு பக்கம் ஓட முடியாதுன்னு அதுங்களுக்குத் தெரியும்," என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போல. "பெரிய எடமா இருந்தா சுத்தி நின்னு வெரட்டலாம் தம்பி. இது நீட்டுக்கு வால் மாதிரி கீது. எங்க தொட்டாலும் ஓரம்."

மோகன் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டான். ஊர் ஜனம் சிரித்தது. எனக்கு மானம் போனது. தின்ற நெல்லை அள்ளிப் பார்த்ததில் கால் மூட்டைகூடக் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

அன்று சாயங்காலம் அவனாகவே குடியிருப்புக்குப் போய்ச் செங்கேணியிடம் கேட்டிருக்கிறான், தினமும் காலையில் தன்னோடு சண்டை போட வருவாளா என்று. அவள் நன்றாக யோசித்து இரண்டு நிபந்தனை சொல்லியிருக்கிறாள். வாத்தை யாரும் அடிக்கக் கூடாது, கோலைத் தரையில் தட்டலாம், அவ்வளவுதான். ரோட்டில் போடுகிற தீனி, யார் ஜெயித்தாலும் வாத்துக்கு.

என் நெல் காய்ந்து கொள்முதலுக்குப் போன மறுநாள் யுத்தம் தொடங்கியது. தூற்றி ஒதுக்கிய பதரையும் கருக்காயையும் அதே இருநூறு மீட்டருக்குப் பரப்பினோம். புளியமரம் நீலநாடு, மதகு துறைமுகம், ஏரி கடல். என் வீட்டுக்காரர் டிவிஎஸ் எக்செல் வண்டியில் புளியமரத்திலிருந்து மதகுக்கு ஒவ்வொரு மூட்டையாகக் கொண்டுபோக வேண்டும், பத்து மணிக்குள் ஆறு மூட்டை. வாத்து ரோட்டை அடைத்து நின்று, மூட்டை போக முடியாமல் போனால் நாங்கள் தோற்றோம். வாத்து மேல் வண்டியை ஏற்றுகிற மனுஷன் எங்கள் ஊரில் கிடையாது. காவலுக்கு மோகன், நான், மூன்றாவதாக இருசப்பன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் பெண்டாட்டியை எதிர்க்க முதல் தடவையாக ஒரு வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம் அந்த ஆளுக்கு. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

முதல் நாள் மூன்று பேரும் சம தூரத்தில் நின்றோம். இரண்டாவது மூட்டையோடு முடிந்தது. நானூறும் எனக்கும் இருசப்பனுக்கும் நடுவில் ஒரே இடத்தில் ஏறியது.

இரண்டாம் நாள் மோகன் இரண்டு முனைக்கும் ஆள் வைத்து, நடுவில் தானே நின்றான். மதகு ஓரம் ஐம்பது வாத்து ஏகப்பட்ட கூச்சலோடு ஏறியது. இருசப்பன் ஒற்றை ஆளாகத் திணறுவதைப் பார்த்து மோகன் ஓடினான், பின்னாலேயே நானும் ஓடினேன். மீதி முந்நூற்றைம்பது எங்கள் முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டது. திரும்பி வரலாம் என்றால் எந்த ரோட்டில் வருவது? ஓடிப்போனதும் அதே ரோடு, திரும்ப வேண்டியதும் அதே ரோடு, அதில்தான் வாத்து. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தார்.

மூன்றாம் நாள்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிய நாள். அன்று செங்கேணி ஒன்றுமே செய்யவில்லை. வாத்தைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு மதகுக்கும் புளியமரத்துக்கும் இடையே மெதுவாக ஓட்டினாள். அவை இந்தப் பக்கம் வந்தால் நாங்கள் இந்தப் பக்கம் ஓடினோம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். ஒன்பது மணிக்கு எனக்கு முழங்கால் விட்டுப்போனது. ஒன்பதரைக்கு இருசப்பன் முள்வேலி ஓரம் உட்கார்ந்தார். ஒன்பதே முக்காலுக்கு அவள் ஏறினாள்.

"சண்ட போட வந்தியா, வேடிக்கை காட்ட வந்தியா?" என்று கேட்டேன்.

"தண்ணில மெதக்கறதுக்கு வாத்துக்கு இன்னா கஷ்டம்? ரோட்டுல நீங்கதான் ஓடிக்கினு கீறீங்க," என்றாள் செங்கேணி.

மோகன் அதையும் எழுதிக்கொண்டான். கடல் மதில் இல்லை, எதிரிக்கு அது அகலமான ரோடு என்று வீட்டில் வந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுநாளும் தோற்றான். அதற்கு மறுநாளும். மதகின் கட்டைச் சுவர் மேல் உட்கார்ந்து பார்க்க ஊரில் பாதிப் பேர் நாஷ்டாவைக் கையில் வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் அவனுக்கு யோசனை சொன்னார்கள். ராணுவத்தில் மேஜர், இங்கே வாத்திடம் பத்துத் தோல்வி. பத்தாவது நாள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான்.

"அக்கா, நான் தேறமாட்டேன் போலகீது," என்றான். குழந்தையாக இருந்தபோது ஜுரம் வந்தால் பேசுகிற அதே குரல். திட்டுகிற வாய்தான் எனக்கு வாய்த்தது, அதனால் திட்டித்தான் எழுப்பினேன்.

பதினோராவது நாளும் தோற்றான், ஆனால் ஐந்து மூட்டை போய்ச் சேர்ந்திருந்தது. பன்னிரண்டாவது நாள், அவன் கிளம்புவதற்கு முந்தின நாள், ரோட்டைக் காக்கிற எண்ணத்தையே விட்டுவிட்டான். காலை எழுந்ததும், வாத்து வருவதற்குள், நாலு மூட்டையை மதகுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். எங்களை ஒரே இடத்தில் ஒன்றாக நிற்க வைத்தான். செங்கேணி நடுவில் ஏறினாள், ஏறட்டும் என்றான். ஏறி முடித்ததும் வயல்பக்கத்து வேலி முள்ளை எடுத்து ஏரிச் சரிவை அடைத்துவிட்டு, பிரிந்து போய் இரண்டு பக்கத்திலிருந்தும் கோலைத் தட்டிக்கொண்டு நடந்தோம். தண்ணீருக்குப் போக வழியில்லாமல் நானூறும் வயல்பக்கம் இறங்கி ஓடியது. கடைசி இரண்டு மூட்டையும் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மதகுக்குப் போய்ச் சேர்ந்தது.

கட்டைச் சுவரில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். இருசப்பன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார். செங்கேணிக்கு மூஞ்சி சுண்டிப் போனது.

"இன்னிக்கி வுட்டுட்டேன்," என்றாள் என் தம்பியிடம். "நாளைக்கி வந்தா பாரு."

அவன் அவளுக்கு ராணுவ முறைப்படி ஒரு சல்யூட் அடித்தான். கேலிக்கு இல்லை. அவள் பிளாஸ்டிக் கவர் கட்டிய கோலை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

பிப்ரவரி இருபதாம் தேதி. நான் ஏரிக்கரை ரோட்டில் இரண்டாவது வயல் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா, போச்சி," என்றான் மோகன்.

"இன்னாடா அதுக்குள்ள போச்சி?"

"பிரிகேடியர் மாத்திட்டாரு. இந்த வாட்டி எனக்குச் சிவப்பு. பஞ்சாபிக்கு நீலம். நான் ரோட்டக் காக்கப் போறவன் இல்ல, அறுக்கப் போறவன். இத்தினி நாள் கத்துக்கினது எல்லாம் வீண். யோசிக்கறதுக்கு ஒரு மணி நேரம் குடுத்துகீறாங்க. போன வாங்கி வெச்சிடுவாங்க."

துழாவுகிற பலகையைக் கீழே போட்டேன். அவன் அன்று கட்டிலில் படுத்துக் கிடந்த முகம்தான் கண்முன் வந்தது. அழலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் வாயில் வந்தது வேறு.

"டேய். பன்னெண்டு நாள்ல எத்தினி வாட்டி தோத்த?"

"பதினொண்ணு."

"எப்படி எப்படித் தோத்தன்னு ஞாபகம் கீதா?"

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"பதினொண்ணும் ஞாபகம் கீதுக்கா," என்றான் மெதுவாக. "நோட்டுல கீது. வச்சிடறேன்."

அன்றைக்கு நான் நெல்லைத் துழாவிய துழாவலில் நெல்மணி அரிசியாகவே மாறியிருக்கும். மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. எடுத்ததும் அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் ரோட்டிலேயே நெல் மேல் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்துக்கு அழுவது எனக்குப் பிடிக்காது, ஆனால் அழுதேன்.

பிறகு வரிசையாகச் சொன்னான். பஞ்சாபி டிசம்பரில் மலையிலிருந்து இறங்கி ஜெயித்தவர் அல்லவா, அதனால் எதிரியும் மலையிலிருந்துதான் வருவான் என்று மூவாயிரம் பேரையும் மலையைப் பார்த்து நிறுத்தினாராம். கடலைக் கப்பல் படை பார்த்துக்கொள்ளும் என்றாராம். "அப்படியே நான் ஜனவரில கோலமாவுல போட்ட பிளான்க்கா. பாத்ததும் எனக்கு அவரு முதுவுதான் தெரிஞ்சிச்சி."

முதல் இரண்டு நாள் ஆட்டத்தில் மோகன் ஒரு ஆளைக்கூடக் கரையில் இறக்கவில்லை. படகுகளைக் கடலில் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தான். நீலக் கப்பல்கள் துரத்தித் துரத்தி, எண்ணெய் தீர்ந்து துறைமுகத்துக்குத் திரும்பின. கரையில் இருந்த படை அந்த ஒற்றை ரோட்டில் வடக்கும் தெற்குமாக ஓடியது. நடுவர் அதைக் களைத்த படை என்று குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் துறைமுகத்தின் ஓரம் கொஞ்சம் பேரை இறக்கிப் பெரிய சத்தம் காட்டினான். பஞ்சாபி கைவசம் வைத்திருந்த படை மொத்தத்தையும் அங்கே அனுப்பினார். அது துறைமுகத்தைத் தொட்டதும் நடுவில், யாருமே இல்லாத இடத்தில், மோகன் மீதி எல்லோரையும் இறக்கினான். ரோடு அறுந்தது. திரும்பி வர வேண்டிய படை அதே ரோட்டில் வந்து மாட்டிக்கொண்டது. துறைமுகத்தில் எத்தனை நாளைக்குச் சோறு சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று நடுவர் கேட்டாராம். பஞ்சாபி ஒரு நாளைக்கு என்றாராம். ஆட்டம் நடக்கிறது என்பதற்கு அடையாளமாக மணல் மேல் வைத்திருந்த கோலை நடுவர் எடுத்துவிட்டார். ஏழு நாள் ஆட வேண்டிய ஆட்டம் நாலாம் நாளே முடிந்தது.

"பிரிகேடியர் என்னக் கூப்ட்டு எங்க படிச்சன்னு கேட்டாரு," என்றான். "மானாம்பதி ஏரிக்கரைலன்னேன். உன் எதிர்த் தளபதி யாருன்னாரு. செங்கேணின்னேன். எத்தினி படகுன்னாரு."

"இன்னா சொன்ன?"

"நானூறுன்னேன். அவரு பேரயும் அதயும் எழுதிக்கினாரு அக்கா."

தேறியவர்களின் பட்டியலில் அவன் பெயர் இரண்டாவது. கையோடு ஒட்டிவிட்டார்களாம். நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை என்றாலும் அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் நான் அழுத சத்தமும் என் திட்டு அளவுக்கே கேட்கும்.

நான் நெல்லை விட்டுவிட்டு ஏரிச் சரிவில் இறங்கினேன். செங்கேணி தண்ணீர் ஓரம் கல்லில் உட்கார்ந்திருந்தாள், வாத்து எதிரே மிதந்தது. மேலே கட்டைச் சுவர் முழுக்க ஜனம். அத்தனை பேர் முன்னாலும் நான் அவள் கையைப் பிடித்து, மோகன் ஜெயித்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். அவள் பெயரைப் பிரிகேடியர் எழுதிக்கொண்டதையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்து கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்தாள்.

"எம்மா நேரமாச்சி?" என்றாள்.

"மூணு மணி நேரம்."

"மூணு மணியா?" செங்கேணி உதட்டைப் பிதுக்கினாள். "தம்பி இன்னும் கத்துக்கணும் மதி. எனக்கு அர மணி போதும்."

அவள் மதி என்றது மேலே இருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. நான் சிரித்துக்கொண்டே திரும்பினால், அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நூறு வாத்து என் நெல்லின் நடுவில் ஏறியிருந்தது.